பழைய எம்ஜிபி வாங்குவதும் வைத்துக்கொள்வதும்: எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் செய்வது

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று கேட்டால் அநேகமாக அவர்கள் மனதில் இருப்பது எம்ஜிபி தான். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானதால் இன்றும் விற்பனைக்கு நிறைய வருகிறது, ஒரு சின்ன கிளிப்பிலிருந்து முழு பாடி வரை புதிதாகக் கிடைக்கிறது. இப்போது ஷோரூமில் விற்கும் எம்.ஜி. கார்களுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தாது.

கார் பார்க்கப் போகிறவர்களோடு துணைக்குப் போனதில் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். வந்ததும் பானெட்டைத் திறக்கிறார்கள், ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்கிறார்கள், ஒரு சுற்று ஓட்டுகிறார்கள், மனம் கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். எஞ்சின் கெட்டால் சரிசெய்ய ஒரு கணக்கு உண்டு, பாடி உளுத்திருந்தால் செலவு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் காகிதம், பிறகு பாடி, அதன் பிறகு எஞ்சின், கடைசியில்தான் ஓட்டிப் பார்ப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எந்த எம்ஜிபி என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

திறந்த ரோட்ஸ்டரா, கூரை போட்ட ஜிடியா என்பது முதல் கேள்வி. ஜிடி 1965-இல் வந்தது. விலை குறைவு, பாடி இன்னும் இறுக்கமாக இருக்கும், மழையிலும் நிம்மதியாக ஓட்டலாம். பின் இருக்கை சின்னக் குழந்தைகளுக்கு மட்டுமே போதும். வருடம் முழுக்க ஓட்ட நினைப்பவருக்கு நான் ஜிடியைத்தான் சொல்வேன், ரோட்ஸ்டர் மேல் ஆசை இருந்தாலும் கூட.

அடுத்தது குரோம் பம்பரா, ரப்பர் பம்பரா. 1974 இலையுதிர் காலத்திலிருந்து அமெரிக்கச் சட்டங்களுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, காரின் உயரத்தையும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். அதனால் வளைவில் கார் கூடுதலாகச் சாயும். 1977 மாடலிலிருந்து ஆன்டி-ரோல் பாரை, அதாவது கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியை, சரிப்படுத்தியதால் அது பெருமளவு குறைந்தது. ரப்பர் பம்பர் கார் விலை குறைவு. ஒரே பணத்துக்கு உளுத்த குரோம் பம்பர் காரும் திடமான ரப்பர் பம்பர் காரும் கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள்.

ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு, இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். அது இல்லாமல் மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றும், இருந்தால் 3,200 போதும். இரண்டு மணி நேரப் பயணத்தில் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

2. எம்ஓடி வரலாற்றைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நம்பர் பிளேட் எண்ணை வைத்து அரசுத் தளத்தில் பழைய எம்ஓடி (கார் சாலைக்குத் தகுதியா என்று ஆண்டுதோறும் செய்யும் சோதனை) முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். பாஸா பெயிலா என்பதோடு நிறுத்திவிடாமல் ஒவ்வொரு ஆண்டும் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். துரு பற்றிய குறிப்பு மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து வந்து, திடீரென்று ஒரு வருடம் காணாமல் போனால் ஒன்று நல்ல வெல்டிங் வேலை நடந்திருக்கும், இல்லையென்றால் மேலே பூசி மறைத்திருப்பார்கள். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு போனால் நேரில் எங்கே குனிய வேண்டும் என்று தெரியும்.

2018 மே 20 முதல், 40 ஆண்டு தாண்டி, கடந்த 30 ஆண்டுக்குள் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் பல கார்களின் வரலாறு அந்தச் சமயத்தோடு நின்றிருக்கும். அது குற்றமில்லை, ஆனால் கடைசியாக யார் அடியில் பார்த்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விற்பவர் சம்மதித்தால், வாங்குவதற்கு முன் ஒரு எம்ஓடி போடச் சொல்லுங்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, லிஃப்டில் ஏற்றி ஒருவர் பார்ப்பதற்கு அது மிகக் குறைவு.

3. எடுத்துப் போக வேண்டியவை

துணி சுற்றிய சின்னக் காந்தம், நல்ல டார்ச், அடியில் விரித்துப் படுக்க ஒரு பழைய பாய் அல்லது தார்ப்பாய், அழுக்கானால் கவலைப்படாத சட்டை. கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பிரேக்கை மிதித்துப் பிடிக்க ஆள் வேண்டும், அவசரப்படும்போது கையைப் பிடித்து நிறுத்தவும் ஆள் வேண்டும்.

முந்தைய நாளே விற்பவரிடம், "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பது ஆறாம் பகுதியில் வரும். மழை நாளாக இருந்தால் வேறு நாள் போங்கள், நனைந்த பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைக்கும்.

4. காகிதமும் தகடும்

லாக்புக்கில், அதாவது வி5சியில், உள்ள சேசிஸ் எண் பானெட்டுக்குள் இருக்கும் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் எண்ணையும் பாருங்கள், அது எஞ்சின் பிளாக்கில் ஆணியடித்த சின்னத் தகட்டில் இருக்கும். எஞ்சின் மாற்றிய கார்கள் நிறைய, அது பெரிய குறையில்லை. காகிதத்தில் திருத்தாமல் விட்டிருந்தால் அதைக் கேளுங்கள்.

சேசிஸ் எண்ணின் முன்னெழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. ஜிஎச்என் என்றால் ரோட்ஸ்டர், ஜிஎச்டி என்றால் ஜிடி. அதன் பின் வரும் 3, 4, 5 என்ற எண் எந்தத் தலைமுறை என்று காட்டும். தொடர்ந்து யு என்ற எழுத்து வந்தால் அமெரிக்காவுக்குப் போன கார், திரும்பி வந்திருக்கிறது. கலிபோர்னியா பக்கமிருந்து வந்தவற்றில் துரு குறைவாக இருக்கலாம், ஆனால் இடப்பக்க ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிய வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கார் முதலில் எந்த நிறத்தில், எந்த நாட்டுக்குப் போனது என்ற தொழிற்சாலைப் பதிவின் சான்றிதழை கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பணம் கட்டிப் பெறலாம்.

லாக்புக் உரிமைப் பத்திரம் அல்ல, பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எனவே விற்பவர் தான் வாங்கியபோது வைத்த ரசீதையும் கேளுங்கள். கடன் பாக்கி, திருட்டு பற்றிய சோதனையையும் காசு கொடுத்துச் செய்துவிடுங்கள்.

5. பாடி: இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்

முதலில் சில். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிப் பகுதி அது. வெளியே தெரியும் தகடு, உள்ளே செங்குத்தாக நிற்கும் தகடு, அடியில் காசில் ரெயில் எனப்படும் தகடு, இவை சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளித்தகட்டில் ஓட்டை தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

விற்பனைக்கு முன் மலிவாகச் செய்யும் வேலை, உளுத்த சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்வது. கண்டுபிடிக்க ஒரு வழி: கதவின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அப்பால், சில்லும் விங்கும் (சக்கரத்தின் மேல் உள்ள பாடித் தகடு) சேரும் இடத்தில் செங்குத்தான இணைப்புக் கோடு தெரிய வேண்டும். சில்லின் முனைகள் விங்குகளுக்குப் பின்னால் நுழைந்து போவதால், முறையாக மாற்றும்போது விங்கின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் கோடு இல்லாமல் வழவழவென்று இருந்தால் பட்டி பூசியிருக்கிறது அல்லது போர்த்தியிருக்கிறது. காந்தத்தை அடியிலிருந்து மேலாக மெல்ல நகர்த்துங்கள், பட்டி இருக்கும் இடத்தில் பிடி விட்டுப்போகும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் உறை போட்டிருந்தால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து கதவு இடைவெளி. கதவைச் சாத்தி, சுற்றிலும் உள்ள சந்தைப் பாருங்கள். ரோட்ஸ்டரில் கதவின் பின்பக்கச் சந்து கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால் நடுவில் பாடி தொய்ந்திருக்கிறது. சில்லை மாற்றும்போது உள்ளே முட்டுக்கொடுக்காமல் வெட்டிய காருக்கும் இதே அடையாளம்தான். விற்பவர் அனுமதித்தால் சில்லின் நடுவே உள்ள ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி போட்டு மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகும் கதவு முன்போலவே திறந்து மூட வேண்டும். கதவு இறுகினாலோ, ஜாக்கி உள்ளே போகும் 'நொறுக்' சத்தம் கேட்டாலோ அங்கேயே இறக்கிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். சிலர் ஜாக்கியே போட விடமாட்டார்கள், அதுவும் ஒரு பதில்தான்.

பிறகு சீட்டுக்குப் பின்னால் தரையில் இருக்கும் மூடியைத் திறந்து பேட்டரித் தட்டுகளைப் பாருங்கள். 1974 வரை வந்த கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், பிறகு ஒரே 12 வோல்ட் பேட்டரி. அமிலமும் சாலைத் தண்ணீரும் சேர்ந்து தட்டைத் தின்றிருக்கும். அதை ஒட்டித்தான் பின் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் பிடிக்கும் இடம், அங்கே ஒட்டுவேலை தெரிந்தால் கவனம் வேண்டும்.

மற்ற இடங்களை வேகமாகப் பார்க்கலாம்: ஹெட்லைட்டுக்குப் பின்னால் முன்விங்கின் மேல்பகுதி, விங்கின் அடி, பின்சக்கர வளைவு, கார்ப்பெட்டுக்குக் கீழே தரை, டிக்கியின் தரை. கதவுத் தகட்டில் சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விரிசல் விழுவது எம்ஜிபிக்கே உரிய குறை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆபத்தில்லை. அதை வைத்து விலை பேசலாம்.

இதில் எதை மன்னிக்கலாம்? விங், கதவு, டிக்கி மூடி எல்லாம் மாற்றக்கூடியவை. சில், காசில் ரெயில், ஸ்பிரிங் பிடிக்கும் இடம் மூன்றும் கெட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பக்க சில்லையும் ஒழுங்காக மாற்றவே ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும், பெயிண்ட் தனி.

6. குளிர்ந்த எஞ்சின்

ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்ததை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

சாவியை ஸ்டார்ட் ஆவதற்கு முந்தைய நிலைக்குத் திருப்பி நிறுத்துங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பின்பக்கமிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ பெட்ரோல் ஒழுகுகிறது அல்லது மிதவை சிக்கியிருக்கிறது. உடனே சாவியை அணைத்துவிட்டு மூக்கை வைத்து மோப்பம் பிடியுங்கள்.

இந்த 1798 சிசி எஞ்சின் முரட்டுத்தனமானது. மேலே லேசான டப்பெட் சத்தம் சகஜம், அடியிலிருந்து வரும் கனத்த இடி சகஜமில்லை. சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல், நிற்கும்போது 15 அளவுக்காவது இருக்க வேண்டும். ஆயில் கொஞ்சம் கசியாத எம்ஜிபியை நான் பார்த்ததில்லை. ஓரிரு சொட்டு பரவாயில்லை, குட்டை கட்டினால் பேசுங்கள்.

கிளட்ச் நழுவுகிறதா என்பதை அலட்சியப்படுத்தாதீர்கள். கிளட்ச் தகடு விலை பெரிதில்லை, ஆனால் இந்தக் காரில் அதை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும்.

7. சக்கரமும் ஸ்டீயரிங்கும்

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட வந்தவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், தொடர்ந்தால் கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு. கிரீஸ் அடிக்காமல் விட்டவர்களின் காரில் கிங்பின்தான் முதலில் போகும். அதைப் பார்த்தாலே மற்ற பராமரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஸ்போக் வீல் என்றால் ஒரு பேனாவால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பிறகு பிரேக்கை மிதித்த நிலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். 'டக்' என்று நகர்ந்தால் நடுவில் உள்ள பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது, ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த ஹப் புதுச் சக்கரத்தையும் கெடுத்துவிடும்.

8. ஓட்டிப் பார்ப்பது

உங்கள் இன்ஷூரன்ஸ் இந்தக் காரையும் சேர்க்கிறதா என்று உறுதி செய்யாமல் சாலையில் இறங்காதீர்கள்.

ஸ்டீயரிங்கில் பவர் கிடையாது, பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும், முதல் கியரில் ஒரு முனகல் கேட்கும். இதெல்லாம் கோளாறு இல்லை. 1967-க்கு முன் வந்த கார்களில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, கார் முழுதாக நின்ற பிறகே போட வேண்டும். இரண்டாம், மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கியர் தானாக வெளியே துள்ளினால் அது செலவு. ஓவர்டிரைவ் மூன்று, நான்காம் கியரில் வேலை செய்யும், 1977 மாடலிலிருந்து நான்கில் மட்டும். சுவிட்சைப் போட்ட ஓரிரு நொடிக்குள் சுற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒயரிங் கோளாறுதான், ஆனால் "ஒயரிங்தான், சின்ன விஷயம்" என்று விற்பவர் சொன்னால் அவரே சரிசெய்து காட்டட்டும்.

9. பணம் கொடுக்கும் நாள்

விலை பேசுவது பாடியின் நிலையை வைத்து. புது குரோம், புது சீட் துணி, பளபளப்பு இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வேலை செய்ததற்கான போட்டோவும் பில்லும் இருந்தால் அதற்குக் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கிளாசிக் கார்களுக்கென்று இருக்கும் நிறுவனங்களில் எடுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் விபத்தில் கார் போனால் அன்றைய சந்தை மதிப்பு என்று அவர்கள் சொல்வதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். காரின் நான்கு பக்கம், உள்ளே, எஞ்சின் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். எம்.ஜி. கார் கிளப் போன்ற ஒன்றில் உறுப்பினராக இருந்தால் பல நிறுவனங்கள் தள்ளுபடி தரும்.

சாலை வரி புது உரிமையாளருக்கு மாறாது. எல்லா எம்ஜிபியும் இப்போது 40 ஆண்டு தாண்டியவை என்பதால் கட்டணம் பூஜ்யம், ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வரி எடுத்தே ஆக வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், இலவசம்தானே என்று விட்டு அபராதக் கடிதம் வாங்குகிறார்கள். லாக்புக்கின் புது உரிமையாளர் துண்டில் உள்ள எண்ணைக் கொண்டு, வீட்டுக்கு ஓட்டிப் போவதற்கு முன்பே எடுத்துவிடலாம். பதிவில் ஹிஸ்டாரிக் வகை என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணமும் கிடையாது.

10. முதல் மாதம்

பெட்ரோல் ஹோஸ்களை முதலில் மாற்றுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பெட்ரோல் பங்க்கில் சாதாரணப் பெட்ரோல் இ10, அதில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது உள்ளிருந்து கரைக்கும், சூடான எஞ்சின் மேல் ஒழுகினால் தீ. எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, இ5 எனக் குறிப்பிட்ட சூப்பர் பெட்ரோல் ஊற்றுங்கள். வால்வ் சீட் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே போய்விட்டது. சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வ் சீட் போட்டதற்கு பில் இருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் ஈயத்துக்குப் பதிலான திரவம் கலந்து ஓட்டுங்கள்.

அடுத்து பிரேக். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மாற்றிவிட்டு டாட் 4 பிரேக் ஆயிலைப் புதிதாக ஊற்றுங்கள். அப்புறம் டயர். மேலே உள்ள பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள தேதியைப் பாருங்கள், பத்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றுவதே நல்லது.

இதற்குப் பிறகுதான் எஞ்சின் ஆயில். 20டபிள்யூ50 ரகம், பழைய எஞ்சின்களுக்கான துத்தநாகக் கலவை உள்ளது. நவீன மெல்லிய சிந்தெடிக் ஆயிலை விலை அதிகம் என்பதற்காக ஊற்றிவிடாதீர்கள், கசிவு கூடுமே தவிர எஞ்சினுக்கு ஒரு லாபமும் இல்லை. 1967-க்கு முந்தைய கார் என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பிடித்திருக்கும், யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் சார்ஜரையோ ரேடியோவையோ இணைக்க வேண்டாம்.

எலக்ட்ரானிக் இக்னிஷன், பெரிய கார்புரேட்டர், தாழ்த்திய ஸ்பிரிங் எல்லாம் வாங்க ஆசை வரும். ஒரு கோடைக்காலம் இருப்பதை இருக்கிறபடியே ஓட்டுங்கள். உடனே மாற்றினால் கோளாறு பழையதா, நீங்கள் போட்டதா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

11. வருடம் முழுக்க

3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னை எடுங்கள். கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று நிப்பிள், பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடியுங்கள். கார்புரேட்டரின் மேலே உள்ள மூடியைத் திருகி எடுத்து, உள்ளே ஆயில் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார் தயங்குவதற்கு இது காலியாவதே அடிக்கடி காரணம்.

சில்லுக்குள் மெழுகு அடிப்பதைக் கோடையில் செய்யுங்கள். இலையுதிர் காலத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளை முதலில் கம்பியால் குத்தித் திறந்து, வெயிலில் ஒரு வாரம் காயவிட்டு, பிறகு அடிக்க வேண்டும். அடித்த மறுநாள் துளை மறுபடி அடைத்திருக்கும், அதைத் திறந்துவிடுங்கள்.

சாலையில் உப்புப் போட ஆரம்பித்ததும் நிறுத்திவைப்பவர் என்றால் டேங்கை இ5-ஆல் நிரப்பி, ஆன்டிஃப்ரீஸ் அளவைச் சோதித்து, பேட்டரிக்குச் சின்ன பராமரிப்பு சார்ஜர் போடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைக்காமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், மாதக்கணக்கில் இழுத்த நிலையில் இருந்தால் பின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வரி காலாவதியாகப் போகிறது என்றால் புதுப்பியுங்கள், அல்லது சாலையில் இல்லை என்று வாகனப் பதிவைக் கவனிக்கும் டிவிஎல்ஏவுக்கு சோர்ன் அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள். சோர்ன் கொடுத்த காரைத் தெருவில் நிறுத்தக் கூடாது, வீட்டு எல்லைக்குள் இருக்க வேண்டும்.